12 வருடம் பரணில் கிடந்த க்ளோ எஞ்சின் சுற்ற மறுக்கிறது: உதவி தேவை

மாடித்தோட்டம்:

வணக்கம். என் சித்தப்பா ரேடியோ கன்ட்ரோல் விமானங்கள் பறக்கவிட்டவர். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் சித்தி பரணைக் காலி செய்தபோது அவருடைய ட்ரெயினர் விமானம் கிடைத்தது. இறக்கை பூசணம் பிடித்துவிட்டது, அதை விடுங்கள். முகப்பில் உள்ள எஞ்சினை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் அவர் அதை ஸ்டார்ட் செய்யும்போது வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

ஜப்பானில் செய்த டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின், அதாவது தீப்பொறி இல்லாமல் ப்ளக்கில் உள்ள சூடான கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் சின்ன எஞ்சின். 46 அளவு, அதாவது சுமார் 7.5 சிசி. ஏபிசி வகை, உள்ளே இரண்டு பால் பேரிங். கடைசியாக ஓடியது 2012இல்.

பிரச்சினை இதுதான்: ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுற்றினால் அசையவே இல்லை. ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி, ப்ளக்கை மாட்டி இரண்டு நாள் வைத்தேன். இப்போது ஒரு விரல் அகலத்துக்கு நகர்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. பெட்டியில் சித்தப்பாவின் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் விட்டுவிடுமா? தெருமுனை பைக் மெக்கானிக் பைப் ரெஞ்ச் போட்டு ஷாஃப்டைத் திருப்பலாம் என்கிறார்.

கயிற்று விமானம்:

தம்பி, முதலில் அந்த ஸ்டார்ட்டரைத் தூக்கித் தள்ளி வையுங்கள். பைப் ரெஞ்சையும்தான்.

நீங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய் பிஸ்டனுக்கு மேலே நிற்கிறது என்றால் அது வெளியேற வழியில்லை. காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் போட்டால் வளைவது பிஸ்டனை ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட். என்.சி.சி. நாட்களில் கயிற்றில் கட்டிச் சுற்றும் விமானங்களில் இந்தக் கோலத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். எரிபொருள் அதிகமாக ஏறிய எஞ்சினை ப்ளக் கழற்றாமல் வேகமாகச் சுற்றிவிடுவார்கள், ராட் போய்விடும்.

இப்போதே ப்ளக்கைக் கழற்றி, கார்புரேட்டரையும் மஃப்ளரையும் எடுத்துவிட்டு, எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் வடியவிடுங்கள். பின்பக்க மூடியில் நான்கு ஆலன் திருகு இருக்கும், அதையும் திறங்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:

நன்றி அண்ணா. திறந்துவிட்டேன். உள்ளே எல்லாம் தேன் நிறத்தில் ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் வார்னிஷ் மாதிரி கெட்டியாக இருக்கிறது. மண்ணெண்ணெய் அதை ஒன்றும் செய்யவில்லை.

பழைய எஞ்சின்:

அந்தத் தேன் நிறம் நல்ல செய்தி. அது விளக்கெண்ணெய்.

க்ளோ எஞ்சினின் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதோடு கொஞ்சம் நைட்ரோமீத்தேன், 20 சதவீதத்தை ஒட்டி எண்ணெய். அந்த எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயும் கலந்திருப்பது வழக்கம். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும் குணம் அதற்கு உண்டு. முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களுக்கும் ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். ஆனால் அந்த ஒட்டும் குணமே பல வருடம் சும்மா கிடக்கும்போது எமனாகிவிடும். மெல்லிய படலமாகக் காற்றுபட்டு மெதுவாக இறுகி, கோந்தாகி, கடைசியில் அரக்கு போல ஆகிவிடும். உங்கள் எஞ்சின் உடைந்துபோகவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மண்ணெண்ணெய் ஏன் கேட்கவில்லை என்றால், ஆமணக்கு எண்ணெய் மற்ற எண்ணெய்கள் மாதிரி இல்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் வகையறாவில் சரியாகக் கலக்காது. ஆல்கஹாலில் கலக்கும். அதனால்தான் மெத்தனாலோடு சேர்த்து அதை ஓட்ட முடிகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். மெத்தனாலைத் தேடி அலைய வேண்டாம். 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். சித்தப்பாவின் பெட்டியில் பழைய எரிபொருள் கேன் இருந்தால் மேலே விஷம் என்று பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

ஆனால் இவ்வளவு இறுகியதை ஆல்கஹால் மட்டும் கரைத்துவிடாது. சூடுதான் மருந்து. முதலில் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கி மண்ணெண்ணெயை முழுசாகக் கழுவி வெளியேற்றுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்க வெளியே காற்றில் உலரட்டும். இதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஈரமான எஞ்சினில் ஹீட் கன் பிடித்தால் தீப்பிடிக்கும்.

உலர்ந்த பிறகு திறந்த வெளியில் வைத்து, ஹீட் கன்னால் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாமல். விரலில் தண்ணீர் தொட்டுத் தெளித்தால் தோசைக்கல்லில் போலச் சுர்ரென்று போக வேண்டும். அந்தச் சூட்டில் தோல் கையுறை போட்டு ப்ரொப்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். கை பலத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். நகரவில்லை என்றால் மறுபடி சூடு. நகர்ந்த மாத்திரத்தில் ஒரே மூச்சில் சுற்றிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள்.

மஃப்ளர் கழற்றிய வாசலில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து பிஸ்டனை நெம்ப மட்டும் கூடவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் கம்ப்ரஷன் போய்விடும், அதற்கு மருந்தே இல்லை.

மாடித்தோட்டம்:

சார், சுற்றிவிட்டது!

நேற்று மாலை மொட்டை மாடியில் வைத்துச் செய்தேன். முதல் இரண்டு சூட்டுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது சூட்டில் எண்ணெய் கொதிக்கும் வாசம் வந்தது, சின்ன வயதில் மைதானத்தில் வந்த அதே வாசம். கால் வட்டம் நகர்ந்தது, அப்புறம் அரை. இருபது நிமிடத்தில் முழுச் சுற்று. ஆறிய பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்து மூன்று முறை கழுவினேன். பழுப்பாக வழிந்தது.

ஆனால் இப்போது புதுக் கவலை. எஞ்சின் குளிர்ந்த பிறகு சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தத்தோடு பிடித்துக்கொள்கிறது. பலமாகத் தள்ளினால்தான் தாண்டுகிறது. ப்ளக் கழற்றித்தான் இருக்கிறது, அதனால் காற்றழுத்தம் காரணம் இல்லை. சிலிண்டருக்குள் இருக்கும் குழாய், அதாவது லைனர், மேல்பக்கம் சேதமாகிவிட்டதா? நைஸான எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

பழைய எஞ்சின்:

வேண்டாம், வேண்டாம். எமரியைக் கீழே வையுங்கள். அந்தப் பிடிப்புதான் உங்கள் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்குச் சான்று.

ஏபிசி என்றால் அலுமினிய பிஸ்டன், பித்தளை லைனர், லைனர் உள்ளே குரோம் பூச்சு. இதில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. லைனரின் துளை நேர்க் குழாயாக இருக்காது, மேலே போகப் போக மிக மெல்லிசாகக் குறுகும். ஓடும்போது அதிகம் சூடாவது தீ எரியும் மேல்பகுதிதான். பித்தளை அங்கே நன்றாக விரிந்து கொடுக்கும், பிஸ்டனுக்குப் போட்ட சிலிக்கான் கலந்த அலுமினியம் அந்த அளவுக்கு விரியாது. ஓட்டச் சூட்டில் இரண்டும் சரியாகப் பொருந்த வேண்டும் என்றால், குளிர்ந்திருக்கும்போது உச்சியில் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். புது ஏபிசி எஞ்சின் வாங்கிய பலரும் உங்களைப் போலவே பயந்துபோய் இதே கேள்வியைக் கேட்பார்கள். குளிரில் உச்சியில் பிடிப்பே இல்லாமல் வழுவழுவென்று சுற்றுகிற ஏபிசி எஞ்சின்தான் தேய்ந்துபோனது.

சோதித்துப் பார்க்க வழி சுலபம். ஹேர் டிரையரால் சிலிண்டர் தலையைக் கை பொறுக்காத சூடு வரும்வரை காட்டிவிட்டுச் சுற்றுங்கள். கீச் சத்தம் குறைந்தால் எல்லாம் சரி. காய்ந்த நிலையில் உச்சியைத் தாண்டித் தாண்டிச் சுற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள், ராடின் கீழ்முனை தேயும். சில துளி எண்ணெய் விட்டு, சூடுபடுத்திவிட்டுச் சுற்றுங்கள்.

லேத் பட்டறை:

பழைய எஞ்சின் சார் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். பிஸ்டன் கீழே இருக்கும்போது, அந்தப் பிடிப்பு இல்லாத இடத்தில், ஷாஃப்டை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி இருக்கிறதா, மணல் அரைகிற மாதிரி இருக்கிறதா? 12 வருடம் என்கிறீர்கள், எனக்குப் பேரிங் மேல்தான் சந்தேகம்.

மாடித்தோட்டம்:

சூடு காட்டியதும் கீச் சத்தம் ஏறக்குறைய போய்விட்டது. இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் இருந்தேன், பெரிய நிம்மதி சார்.

ஆனால் லேத் பட்டறை அண்ணா கேட்டது உண்மை. கீழே இருக்கும்போது கரகரவென்று இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் பின் பேரிங்கின் குண்டுகளுக்கு நடுவில் செம்பழுப்பு நிறம். இது விளக்கெண்ணெய் நிறம் இல்லை.

லேத் பட்டறை:

துரு. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சத்தில் அமிலம் இருக்கும். பறந்துவிட்டு அப்படியே வைத்தால் முதலில் அடி வாங்குவது பின் பேரிங். கழுவி எண்ணெய் விட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் போகும் எஞ்சின் இது. பேரிங் கூடு உடைந்து ஒரு துண்டு மேலே போனால் பிஸ்டனும் லைனரும் சேர்ந்து போகும்.

மாற்றுவது கஷ்டமில்லை. பிரிக்கும்போது பிஸ்டனின் எந்தப் பக்கம் மஃப்ளர் வாசலைப் பார்த்தது, ராடின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் ஒன்றோடொன்று பழகிய பாகங்கள், திருப்பிப் போட்டால் பொருத்தம் கெடும். ரப்பர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் அலுமினியக் கூட்டை மட்டும் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அலுமினியம் விரிந்து பேரிங்கை விடும். மரக்கட்டை மேல் கவிழ்த்துத் தட்டினால் பின் பேரிங் தானாக விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ளலாம்.

பேரிங் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அதைப் பேரிங் கடையில் காட்டினால் போதும், எஞ்சின் பெயர் சொல்லத் தேவையில்லை. பின்பக்கத்துக்கு மூடி இல்லாதது, முன்பக்கத்துக்கு வெளிப்புறம் மூடி உள்ளது. புதுப் பேரிங்கை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, கூட்டை மறுபடி சூடாக்கிப் போட்டால் கையாலேயே உட்காரும். சுத்தியல் தேவைப்பட்டால் சாய்ந்து போகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மாடித்தோட்டம்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், பேரிங் வர நான்கு நாள் ஆகிவிட்டது.

பழைய பின் பேரிங்கைக் கையில் எடுத்தபோதுதான் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. ஒரு குண்டில் குழியே விழுந்திருந்தது. புதிது இரண்டும் நீங்கள் சொன்னபடியே கையால் உட்கார்ந்தன. இப்போது கீழ்ப்பாதியில் பட்டு மாதிரி சுற்றுகிறது, உச்சியில் மட்டும் அந்தப் பிடிப்பு.

இன்று காலை ஊருக்கு வெளியே உள்ள காலி நிலத்தில், கனமான பலகையில் திருகி மாட்டி ஓட்டினேன். 11க்கு 6 ப்ரொப்பெல்லர் (11 அங்குல நீளம், 6 அங்குல பிட்ச்), புது ப்ளக், 5 சதவீத நைட்ரோ எரிபொருள். முதலில் ஹேர் டிரையர் சூடு, பிறகு ப்ளக் இல்லாமல் சுற்றி உள்ளே எதுவும் தேங்கவில்லை என்று பார்த்தேன். விரலுக்குப் பதில் ரப்பர் சுற்றிய கட்டையால் தட்டினேன். ஏழாவது தட்டில் பிடித்தது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைக் கொஞ்சம் திறந்து வைத்து இரண்டு டாங்க் ஓட்டினேன், கடைசி ஐந்து நிமிடம் மட்டும் முழு வேகம். சித்தி காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட் ஆனதும் இறங்கி வந்து தூரத்தில் நின்று, டாங்க் காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய எஞ்சின்:

படித்துக் கண் கலங்கிவிட்டது. ஓட்டி முடித்ததும் என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மாடித்தோட்டம்:

எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டேன். ப்ளக்கைக் கழற்றி, கார்புரேட்டர் வழியாகவும் ப்ளக் ஓட்டை வழியாகவும் சில துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சுற்றினேன்.

பழைய எஞ்சின்:

சரிதான். இன்னொன்று: வைக்கும்போது பிஸ்டன் உச்சியில் நிற்கக் கூடாது, கீழே இருக்கட்டும். அந்த இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் மறுபடி ஒட்டும், விடுவிப்பதும் கஷ்டம்.

கயிற்று விமானம்:

டாங்குக்குள் இருக்கும் சிலிகான் குழாயையும் பாருங்கள் தம்பி. 12 வருடத்தில் வெடிப்பு விட்டிருக்கும். அதில் காற்று புகுந்தால் மேலே போன பிறகு எஞ்சின் நின்றுவிடும்.

மாடித்தோட்டம்:

இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன். கையோடு இரண்டாக வந்துவிட்டது. நாளை மாற்றிவிடுகிறேன் அண்ணா. இறக்கைக்கு பால்சா மரம் வாங்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.