மணி எல்லையா, வரப்பா?

வணக்கம்.

உலோகத்துக்குள் ஒட்டிக் கிடக்கும் சிறு படிகமான 'கிரெய்ன்' (grain) என்பதற்கு 'மணி', இரண்டு படிகம் சந்திக்கும் இடமான 'கிரெய்ன் பவுண்டரி'க்கு 'மணி எல்லை' என்று தமிழ்ச்சொல் முன்வைத்திருக்கிறீர்கள். 'மணி' எனக்கு உறுத்துகிறது. நெல்மணி தனித்தனியாக உதிரும். உலோகத்தில் எதுவும் உதிர்வதில்லை. துத்தநாகம் பூசிய தகர வாளியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். ஒன்று பளிச்சென்று இருந்தால் பக்கத்தது மங்கல். ஒவ்வொரு திட்டும் ஒரு படிகம். இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடக்கின்றன, அணுவரிசை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கிறது. பாத்திக்குப் பாத்தி நாற்று வரிசை மாறுகிற மாதிரிதான். அதனால் 'படிகப் பாத்தி' என்கிறேன். இரண்டுக்கும் நடுவே 'வரப்பு'.

பாத்தி தட்டையாயிற்றே என்று கேட்பீர்கள். கட்டி உலோகத்துக்கு அந்தக் குறை உண்மைதான். ஆனால் மென்படலத்தில் (மிக மெல்லிய ஏடாகப் படியவைத்த உலோகத்தில்) படிகங்கள் பல நேரம் அடியிலிருந்து மேல்வரை ஒரே தூணாக எழும்பி நிற்கும். மேலிருந்து பார்த்தால் பாத்தியேதான்.

அணுவரிசை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் 'ஓரியன்டேஷன்' தான் சிக்கல். 'திசை' என்றால், மின்தடையைப் பற்றி எழுதும்போது மின்னோட்டத்தின் திசையோடு ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்ளும். தளம் போடுகிற கொத்தனார் 'வாட்டம்' என்பாரே, அதை எடுத்துக்கொள்ளலாம்.

செம்பில் வைத்துப் பார்ப்போம். அது கனசதுரப் படிகம். ஒரு பாத்திக்குள் மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் மின்தடைமை (பொருள் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) ஒன்றே. (வாளியின் துத்தநாகம் அறுகோணம், அதில் பாத்திக்குள்ளேயே திசைக்குத் திசை மாறும்.) அப்படியானால் செம்பில் வாட்டத்துக்கு என்ன வேலை? வரப்பில்தான் வேலை. அறை வெப்பநிலையில் செம்பின் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் சராசரித் தூரம் ஏறக்குறைய 39 நானோமீட்டர். பாத்தி அதைவிடச் சிறுத்தால், வரப்பில் முட்டித் தெறிப்பதே தடையில் பெரும்பங்காகிவிடும். 1970இல் மயதாஸ், ஷாட்ஸ்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில், எலக்ட்ரான் எவ்வளவு தெறிக்கும் என்பதற்கு எல்லா வரப்புக்கும் ஒரே எண். நிஜத்தில், அக்கம்பக்கத்துப் பாத்திகளின் 'வாட்ட வேற்றுமை'யைப் பொறுத்துத் தெறிப்பு மாறும்.

'ட்வின் பவுண்டரி'யில் இது நன்றாகவே தெரியும். இருபக்க அணுவரிசையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், எலக்ட்ரான் பெரிதாக இடறாமல் கடந்துவிடும். 2004இல் சீன ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வரப்புகளைச் செம்புக்குள் நெருக்கமாக அடுக்கினார்கள். வலிமை சாதாரணச் செம்பைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு, கடத்துதிறனோ தூய செம்புக்குப் பக்கத்திலேயே. 'இரட்டை வரப்பு' என்றால் இரண்டு வரப்பு என்று படிப்பார்கள். 'கண்ணாடி வரப்பு' என்று வைப்போம்.

மிச்சம் 'டெக்ஸ்சர்'. 'இழைநயம்' வேண்டாம், அது துணிக்கடைச் சொல். பெரும்பாலான பாத்திகள் ஒரே வாட்டத்தில் நிற்பதற்கு 'ஒருவாட்டம்' சரிப்படுமா?