நங்கூரத்தில் நிற்கும் பாய்மரப் படகுக்கு எந்த சோலார் சரிவரும்?

வணக்கம். லங்காவியில் எங்கள் 30 அடி பாய்மரப் படகை நங்கூரம் போட்டு, ஒரு தடவைக்கு நாலைந்து நாள் அதிலேயே தங்குகிறோம். பிரச்சினை கரண்ட்தான். 12 வோல்ட் குளிர்பெட்டி 45 வாட், பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 540 வாட் ஹவர், அப்புறம் நங்கூர விளக்கு, ரேடியோ, போன் எல்லாம் சேர்த்தால் 700-ஐத் தொடுகிறது. இருக்கிற 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் இஞ்சினை ஓட்டித்தான் சார்ஜ் ஏற்றுகிறேன், அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்குவதேயில்லை.

மடக்கி வைக்கும் 200 வாட் பேனலும் 1 கிலோவாட் ஹவர் லித்தியம் பவர் ஸ்டேஷனும் (தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) வாங்கலாமா என்று பார்க்கிறேன். ஆனால் காற்று மாறினால் படகு சுழலும், பாய்மரத்தின் நிழல் பேனல்மேல் விழும், ஓரத்தில் கொஞ்சம் நிழல் பட்டாலே கரண்ட் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே 200 வாட் பேனலா, இல்லை இரண்டு 100 வாட் பேனலைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து பேரலலில் இணைப்பதா? உப்புக் காற்றில் மடக்குப் பேனலின் கனெக்டர் எத்தனை நாள் தாங்கியது? படகில் வைத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த மாதத்துக்குள் வாங்கியாக வேண்டும்.