கல்லடியில் பழைய வீட்டைக் கூட்டிக் கட்ட: பிளானுக்கு முதல் என்ன செய்ய வேண்டும்?

வாவிக்கரை:
வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் 12 பேர்ச் வளவு. 54 அடி அகலம், 60½ அடி நீளம். 850 சதுர அடியில் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. பின்பக்கம் குசினி, ஒரு அறை, குளியலறை என்று 420 சதுர அடி கூட்ட வேண்டும், பிறகு வசதி வந்தால் மேலே மாடி. வளவின் பின் மதிலிலிருந்து வாவி 70 மீற்றர் வரும். கிணறு பின் இடது மூலையில். காணி உறுதி அப்பா, பெரியப்பா இரண்டு பேரின் பெயரிலும் உள்ளது. மேசன், "மதிலுக்குள்ள கூட்டுறதுக்கு அனுமதி ஒண்டும் வேணாம்" என்கிறார். வங்கியில் அங்கீகரித்த பிளான் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அளவுநூல்:
மேசன் சொல்வது பிழை. பூச்சு, பெயின்ட், தரைக்கு டைல்ஸ், உடைந்த ஓட்டை மாற்றுவது, இவற்றுக்கு யாரும் வரமாட்டார்கள். சுவர் எழுப்பி சதுர அடி கூடினால் அனுமதி வேண்டும். கூரையின் அமைப்பை மாற்றினாலும் வீதியோரம் புது மதில் கட்டினாலும் அப்படித்தான். மாநகர எல்லைக்குள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2021இல் வந்த ஒழுங்குவிதிகளும் பிடிக்கும். விண்ணப்பம் கொடுப்பது மாநகர சபையில்.

இட அளவில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. 1 பேர்ச் 272¼ சதுர அடி, 12 பேர்ச் 3,267. வீட்டுக்கு நிலத்தில் 65 வீதம் மூடலாம், அதாவது ஏறத்தாழ 2,120 சதுர அடி. பழையதும் புதியதுமாக உங்களுக்கு 1,270தான் வருகிறது. பின்பக்கம் 10 அடி வெளியாக விட்டு வரையச் சொல்லுங்கள். எல்லையில் ஒட்டி நிற்கும் சுவரில் யன்னல் வைக்க முடியாது, தாழ்வாரத் தண்ணியும் பக்கத்து வளவுக்குள் விழக்கூடாது. பிளானைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டுக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் பெரியப்பாவின் சம்மதக் கடிதம் கையில் வரட்டும். கூட்டு உறுதியில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் அப்படியே கிடக்கும். அதோடு உறுதியின் பிரதி, நில அளவையாளர் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதிக் கோட்டுச் சான்றிதழ். படம் பழையதென்றால் நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைச் சரிபார்க்க வையுங்கள். மதில் நிற்கும் இடமும் படத்தில் உள்ள எல்லையும் ஒரே கோட்டில் இருக்கும் என்று நம்பி வரைந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவைப் பிடிக்கும்போதுதான் தெரியும்.

உப்புக்காற்று:
வாவிப் பக்கத்தை விட்டுவிட்டீர்களே. 1981ஆம் ஆண்டு கரையோரம் பேணல் சட்டத்தில் கடற்பக்கம் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் கரையோர வலயம். 2011 திருத்தத்தோடு கடலோடு இணைந்த வாவி, களப்புகளின் ஓரமும் 100 மீற்றர் உள்ளே வந்துவிட்டது. 70 மீற்றர் என்றால் நீங்கள் வலயத்துக்குள். மாநகர சபையின் அனுமதி ஒரு பக்கம், கரையோர வலயத்துக்கான அனுமதி தனி. மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் கரையோரம் பேணல் உத்தியோகத்தரைக் கேளுங்கள். இந்த 100 மீற்றர் சராசரிக் கடல் மட்டத்தின் பூச்சியக் கோட்டிலிருந்து. ஓகஸ்டில் தண்ணி வற்றி நிற்கும் ஓரத்தில் நாடாவை வைத்து, "நான் தூரம்" என்று சொல்லிப் பயனில்லை.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் சொன்ன, கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற கணக்கை இன்னும் சிலர் சொல்லுவார்கள். அது பிறகு தளர்த்தப்பட்டது. அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், இந்த 100 மீற்றரை மறக்கவும் வேண்டாம்.

மணல்நிலம்:
உங்கள் பிளானை உண்மையில் தீர்மானிக்கப் போவது கிணறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் கேட்பது கிணற்றுக்கும், மலசலகூடக் கழிவுநீர் மண்ணில் ஊற வெட்டும் ஊறுகுழிக்கும் இடையில் 50 அடி இருக்கிறதா என்று. பக்கத்து வளவுக் கிணறும் கணக்கில் வரும், மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள்.

கிணறு பின் மதிலிலிருந்தும் இடது மதிலிலிருந்தும் 8 அடி, ஊறுகுழி முன் வலது மூலையில் இரண்டு மதிலிலிருந்தும் 6 அடி என்று வைப்போம். குறுக்காக அளந்தால் 61 அடி வரும். நல்லது. ஆனால் குளியலறை பின்பக்கம். அங்கிருந்து முன் மூலைக்கு 45 அடி 4 அங்குலக் குழாய். 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்தால் அந்த முனையில் குழாய் 13½ அங்குலம் தாழ்ந்துவிடும். அதற்கும் கீழேதான் மலசலகூடத் தொட்டி, அதற்கும் கீழே ஊறுகுழி. கல்லடி மணலில் மார்கழி மழைக்குக் கிணற்றுத் தண்ணி சில அடியில் தெரியும். அப்போது ஊறுகுழி தண்ணிக்குள் நிற்கும், மலசலகூடம் திரும்பி அடிக்கும், குழித் தண்ணி நேரே நிலத்தடி நீரோடு கலக்கும். 50 அடி விட்டும் பயன் இல்லை.

அதனால் குளியலறையை வலது பக்கம் முன்னுக்குத் தள்ளி வரையச் சொல்லுங்கள். குசினி பின்னாலேயே இருக்கட்டும். தொட்டி இரண்டு அறையாக, அடியும் சுவரும் பூசி நீர் கசியாமல். ஊறுகுழிக்குக் கொட்டுக்கு (கொங்கிறீற் வளையம்) மேல் கொட்டு இறக்கி ஆழம் தேடாமல், ஆழம் குறைத்து அகலமாக. குழியின் அடி மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஆடியில் வெட்டிப் பார்த்துவிட்டு "தண்ணி இல்லையே" என்று முடிவெடுக்காதீர்கள். இதெல்லாம் காகிதத்தில் இருக்கும்போது அழிறப்பரால் மாற்றலாம்.

வாவிக்கரை:
குளியலறையை மாற்றி வரையச் சொல்கிறேன். மாடியையும் இப்போதே பிளானில் காட்டவா? அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சம்மாந்துறையில் வயலை நிரப்பி வீடு கட்டப் பார்க்கிறார், அவருக்கும் இதே வழிதானா?

அளவுநூல்:
மாடிக்குக் கட்டமைப்புப் பொறியியலாளரின் கணக்கும் கையெழுத்தும் வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் அத்திவாரம் அதைத் தாங்க வரைந்ததல்ல, புதுத் தூண்கள் தனி அத்திவாரத்தில் இறங்க வேண்டும். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். முடியாவிட்டால் காலம் முடிய முதல் நீடிப்புக் கேட்க வேண்டும். மாடிக்குக் காசு இப்போது இல்லையென்றால் கீழ்த்தளத்துக்கு மட்டும் எடுங்கள். தூண் அத்திவாரத்தை மட்டும் பொறியியலாளரைக் கொண்டு இப்போதே வரைந்து சேர்த்துவிடலாம். பிறகு எழுப்பவென்று கம்பியை நீட்டி விட்டால் அந்த உப்புக் காற்றில் துருவேறும், மெல்லிய கொங்கிறீற்றால் மூடி விடுங்கள்.

கரைவாகு:
சம்மாந்துறைக்காரருக்கு: 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயல் காணியை நிரப்ப ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் தொடங்கட்டும், ஒரு லோட் கிரவல் கொட்டவும் முதல். காணி பெர்மிட் காணியென்றால் (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது) பிரதேச செயலாளரின் கடிதமும் வேண்டும். இரண்டும் இல்லாமல் பிரதேச சபைக்குப் போவது வீண் அலைச்சல்.

உப்புக்காற்று:
மேசன் இன்னும் "கட்டிப்போட்டுப் பார்ப்பம்" என்றால்: கட்டிய பிறகும் விண்ணப்பிக்கலாம், தண்டப் பணத்தோடு. ஆனால் விதிக்குள் அடங்கினால்தான் கொடுப்பார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய குழி எந்தத் தண்டத்துக்கும் விதிக்குள் வராது. அனுமதி இல்லாத கட்டடத்தை உடைக்க நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வேலை முடிந்ததும், பிளானின்படியே கட்டியிருக்கிறது என்று கொடுக்கும் இணக்கச் சான்றிதழை மறக்காதீர்கள். பிளானில் இருக்கும் யன்னலை இரண்டு அடி தள்ளி வைத்திருந்தாலும் அந்த நேரம் கேள்வி வரும். வேலை நடக்கும்போது மாற்றம் வந்தால் திருத்திய பிளானை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.