புதுப்பிப்பு: பத்மினியில் மாருதி கார்புரேட்டர், திணறல் நின்றது

என் பிரீமியர் பத்மினி காரின் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) தேய்ந்துபோனதால், எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஓர் இடைத்தகடு வைத்து மாருதி 800-இன் கார்புரேட்டரைப் பொருத்தியதையும், சிக்னலில் நின்றால் எஞ்சின் திணறி அணைவதையும் போன மாதம் எழுதியிருந்தேன். கார்புரேட்டரையே மாற்றச் சொன்னவர்கள் பலர். அதற்குத் தேவையே வரவில்லை.

குற்றம் இடைத்தகட்டில்தான். எஞ்சின் ஓடும்போதே தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கெட்டி எண்ணெய் தடவினேன். பின்பக்க மூலையில் எண்ணெய் சட்டென்று உள்ளே இழுபட்டது. அந்த நொடியே சத்தம் சீரானது. அவ்வழியாகத்தான் காற்று புகுந்திருக்கிறது! கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, தகட்டின் முகம் முழுவதும் ஒரே நிறம் வரும்வரை தேய்த்தேன். இரண்டு மாலைகள் பிடித்தன. இருபுறமும் புது கேஸ்கெட் (இடுக்கில் காற்று கசியாமல் அடைக்கும் மென்தகடு) வைத்தேன்.

அப்போதும் மேட்டில் இழுவை போதவில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிறிக் கிடந்தது; பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். மாருதியின் 796 சி.சி. எஞ்சினுக்கான மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) பத்மினியின் 1089 சி.சி.க்குப் போதுமான பெட்ரோலைத் தரவில்லை. ஒரு படி பெரிய ஜெட் போட்டேன். பிளக் இப்போது, இருக்க வேண்டியபடி, பால் குறைந்த காப்பி நிறத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கின் கம்பிதான் புது கார்புரேட்டருக்கு இன்னும் எட்டவில்லை. நீளமான கம்பி வாங்கி அடுத்த வாரம் மாட்டுகிறேன்.