மேடையில் திணறும் பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுக்கலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தமிழாசிரியை:
ஏழாம் வகுப்புப் பெண். பேச்சுப்போட்டி, நான் நடுவர். "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கி மளமளவென்று போனாள், பாதியில் நின்றுவிட்டது. கண் மேலே போனது, விரல்கள் சட்டை ஓரத்தை முறுக்கின. அவளைத் தயார் செய்த ஆசிரியர் மேடை ஓரத்திலிருந்து சட்டென்று அடியெடுத்துக் கொடுத்தார். அது மைக்கிலும் கேட்டது, பின்வரிசையில் சிரிப்பு. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பேசி முடித்தாள், பரிசும் வாங்கினாள். ஆனால் அதற்கப்புறம் அவள் சபையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் முகம் அந்த ஓரத்துக்கே திரும்பியது, சரிதானே என்று கேட்பதுபோல. அவர் குரல் கொடுப்பதற்குச் சற்று முன்பே அவள் உதடு அசையத் தொடங்கியிருந்தது. அதுதான் என்னை இன்னும் விடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கணித ஆசிரியர்:
மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கொடுத்திருப்பேன். காலைக்கூட்டத்தில் ஒரு பையன் ஒரு பொன்மொழிக்கு விளக்கம் சொல்ல வந்தான். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். அவனாகவே வரட்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. தொண்டை ஏறி இறங்குவது முன்வரிசை வரை தெரிந்தது. மைக்கை ஒருமுறை பார்த்தான், இறங்கிப் போய்விட்டான். அதற்குப்பின் வருகைப் பதிவுக்குக்கூட அவன் குரல் வெளியே வரவில்லை. ஒரே ஒரு சொல் கிடைத்திருந்தால் அவன் தப்பியிருப்பான்.

ஒரு அம்மா:
அடியெடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்பது அப்புறம். மனப்பாடத்தை முதலில் பேசுங்கள். என் மகள் ஒரு "ஆகவே" மறந்துபோனதற்காக வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். நடுவிலிருந்து எடுக்கத் தெரியவில்லை, பாவம்.

அதனால் சொல்கிறேன். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். இடையில் இருப்பதற்கு உள்ளங்கை அளவுச் சீட்டில் நாலைந்து குறிப்புச் சொற்கள் போதும். ஒத்திகையை ஒருநாள் முதல் பத்தியில் தொடங்கினால் மறுநாள் மூன்றாவதில் தொடங்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, "இதை வேறு மாதிரிச் சொல்கிறேன்" என்று மீண்டு வரப் பழக்குங்கள். தலைப்பு பெரிய தலைவர்களைப் பற்றியே இருக்க வேண்டுமா என்ன? 1924-ல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றத்தில் பெரியவர்களுக்கே முதல் உரை தன்னைப் பற்றியதுதான். தெரிந்ததைப் பேசும்போது வரி தொலைந்தாலும் விஷயம் தொலையாது. கேட்பவர்களையும் மெல்லக் கூட்டுங்கள்: முதலில் ஒரு தோழி, அப்புறம் ஒரு சிறு குழு, அப்புறம் வகுப்பு. நெஞ்சு படபடக்கிறது என்றால் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அட்ரினலின் சுரந்தால் இதயம் வேகமாகத்தான் அடிக்கும், கை நடுங்கத்தான் செய்யும். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசியிருக்கிறார்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக நீட்டி விடுவதில்தான் படபடப்பு தணியும். இதையும் சொல்லிக்கொடுங்கள்.

கல்லூரி மாணவி:
அப்படி நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு, வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யுகம் யுகமாக நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பா எடுத்த வீடியோவைப் பார்த்தால், யோசித்துவிட்டு அடுத்த கருத்துக்குப் போகிற பெண்ணாகத் தெரிகிறேன். முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரியும், வீடியோவில் இல்லவே இல்லை! இதைத்தான் உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கணித சார், அந்தப் பையனிடம் பிறகாவது யாராவது இதைச் சொன்னார்களா?

நூலகர்:
அந்த அம்மா சொன்ன மூச்சு யோசனையைத் திக்கிப் பேசும் பிள்ளைகளிடம் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்பதைக் கேட்டுக் கேட்டே அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லை நாம் முடித்துவைப்பது அதைவிட மோசம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு பையன் தான் படித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "ப" வில் சிக்கிக்கொண்டது. பக்கத்துப் பையன் "பறவையா, பந்தா?" என்று உதவப்போனான். இவன் அவனைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினான். இன்னும் கொஞ்சம் திணறி, "பட்டறை" என்று அவனே சொன்னான். கதையில் அதுதான் முக்கியமான இடம், வேறு யார் சொல்லியிருந்தாலும் தவறாகத்தான் வந்திருக்கும்.

கணித சார் சொல்லும் பையனுக்கு ஒரு சொல் தேவைப்பட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிள்ளையிடம் முன்பே கேட்டுவிடலாமே. பேச வருகிற ஒவ்வொருவரிடமும், "நடுவில் நின்றால் சொல்லித் தரவா, காத்திருக்கவா?" என்று நான் கேட்டுவிடுகிறேன். சிலர் சொல்லித்தரச் சொல்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். ஒரு சிறுமி, தான் திரும்பிப் பார்த்தால் மட்டும் சொல்லுங்கள் என்றாள். அன்றைக்கு அவள் நடுவில் நின்றாள், தரையைப் பார்த்தாள், சீட்டைப் புரட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை, நானும் சொல்லவில்லை.