டிசைனர் ரெஸ்யூம் லேயவுட்: அச்சகத்திலிருந்து பேக்கேஜிங் வேலைக்கு மாற நினைக்கிறேன், கருத்து சொல்லுங்கள்

டபுள்டெமி கேட்டது:

வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். தினசரி காலண்டர், மாத காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி, லேபிள் எல்லாம் செய்கிறேன். சென்னை அல்லது கோவையில் பேக்கேஜிங் டிசைன் வேலைக்குப் போக ஆசை. ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் (அடுத்த ஆண்டு மாதிரிகளின் தொகுப்பு) வெளிவந்த பிறகுதான் உட்கார்ந்து ரெஸ்யூம் செய்ய முடிந்தது.

ஏ4 தாள், ஒரே பக்கம். இடப்பக்கம் 70 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தாள் விளிம்பு வரை கருநீலப் பட்டை. அதில் வட்டப் போட்டோ, போன், மெயில், அதற்குக் கீழே சாஃப்ட்வேர் பார்கள்: கோரல் டிரா 95 சதவீதம், ஃபோட்டோஷாப் 90, இல்லஸ்ட்ரேட்டர் 80, இன்டிசைன் 60. எல்லாம் வெள்ளை எழுத்து. வலப்பக்கம் உச்சியில் என் பெயர், நானே வரைந்த தமிழ் எழுத்தில். அதன்கீழ் சின்னதாக ஆங்கிலத்தில். பிறகு நோக்கம், படிப்பு, அனுபவம், அப்பா பெயர், பிறந்த தேதி, கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து. எழுத்து 8 பாயின்ட், 60 சதவீதக் கறுப்பு.

பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அனுப்பிய இடங்களிலிருந்து பதில் இல்லை. பட்டையை எடுத்துவிடலாமா? தமிழில் பெயர் இருப்பது இடைஞ்சலா? போன் நம்பரை மட்டும் மறைத்துப் படம் இணைத்திருக்கிறேன். தயங்காமல் சொல்லுங்கள்.

டைலைன் பதில்:

சென்னையில் பேக்கேஜிங் ஸ்டுடியோவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பட்டையைவிட முக்கியமான ஒன்று. பேக்கேஜிங் வேலை கேட்கிறீர்கள். பட்டாசுப் பெட்டி செய்கிற ஆள் நீங்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? அனுபவம் என்ற தலைப்பின் கீழ் கடைசி வரியில், "மற்றும் பெட்டிகள், லேபிள்கள்" என்று. அதற்கு மேலே கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று வரி. எனக்கு வேண்டிய ஆள் அந்தக் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கிறார்! காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பெட்டியை அழகாகச் சுற்றிக் காட்டுவார்கள். ஆனால் ஒட்டுகிற மடிப்பில் மை போகக்கூடாது, கிரீஸ் (மடிப்புத் தடம்) விழும் கோட்டில் சின்ன எழுத்து வைக்கக்கூடாது என்பதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கைவரும். பான்டோன் 871 தங்க மையைத் தனி ப்ளேட்டாக (அச்சுத் தகடாக) பிரித்திருக்கிறீர்களா? டை லைன் (பெட்டியை வெட்ட, மடிக்க வேண்டிய கோடுகள்) நீங்களே போடுவீர்களா? ஃபாயில் (பளபளப்புத் தகடு பதிப்பது), எம்போஸ் (புடைப்பு), ஸ்பாட் யூவி (சில இடங்களுக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு) இவற்றுக்கு ஃபைல் செய்திருக்கிறீர்களா? அதை எழுதுங்கள். பெயருக்கு அடுத்து அதுதான் வர வேண்டும்.

அதற்கு இடம்? தாளில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டை தின்கிறது. எங்கள் ஆபீசில் ரெஸ்யூமைக் கறுப்பு வெள்ளை லேசரில்தான் எடுப்போம். அது தாளின் விளிம்பு வரை அடிக்காது. பட்டையைச் சுற்றி வெள்ளை ஓரம் விழும். அந்த அளவு வெள்ளை எழுத்து ரிவர்ஸில் (கருநிறப் பின்னணியில்) அடைத்துக்கொள்ளும், போன் நம்பரில் 3-ஆ 8-ஆ என்று தேட வேண்டியிருக்கும். 60 சதவீதக் கறுப்பில் 8 பாயின்ட் எழுத்துக்கு டாட் (சாம்பல் நிறத்தைக் காட்டும் புள்ளிகள்) விழுந்து ஓரம் பிசிறும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முழுக் கறுப்பு வையுங்கள், 9.5 அல்லது 10 பாயின்ட்.

பார்களையும் எடுத்துவிடுங்கள். 80 சதவீத இல்லஸ்ட்ரேட்டர் என்றால் எனக்கு என்ன தெரியும்? அதோடு இன்டிசைன் 60 என்று நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்கிறீர்கள். சாஃப்ட்வேர் பெயர்கள் ஒரே வரியில் போதும். அப்பா பெயர், பிறந்த தேதி, உறுதிமொழி மூன்றும் வேண்டாம்.

கர்வ்போடு பதில்:

டைலைன் சொன்னது எல்லாம் சரி. நான் வேறு ஒன்றைச் சோதிக்கச் சொல்கிறேன். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என்ன வருகிறது?

டபுள்டெமி பதில்:

ஒன்றுமே வரவில்லை! அச்சுக்கு அனுப்பும் பழக்கத்தில் எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கித்தான் (எழுத்தை வெறும் வடிவக் கோடுகளாக மாற்றித்தான்) பிடிஎஃப் எடுத்தேன்.

கர்வ்போடு பதில்:

அதுதான் விஷயம். ப்ளேட்டுக்குப் போகிற ஃபைலில் கர்வ் போட்டால் ஃபான்ட் மாறாது, சரிதான். ஆனால் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். வெறும் கர்வ் இருந்தால் அதற்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. பதில் வராததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு கதவை மூடி வைத்திருக்கிறது. எழுத்தை எழுத்தாகவே விட்டு, ஃபான்டைப் பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்த்து எம்பெட் செய்யுங்கள்.

மறுபடியும் நோட்பேடில் ஒட்டி வரிசையைப் பாருங்கள். இரண்டு காலம் வைத்தால் இடது வரி ஒன்று, வலது வரி ஒன்று என்று சில சமயம் கலந்துவிடும். ஒரே காலமாக வைப்பது நல்லது. தமிழில் ஏதாவது எழுதினால் யூனிகோட் ஃபான்ட் மட்டும். யூனிகோட் அல்லாத பாமினி ஃபான்டில் அடித்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், காப்பி எடுத்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். திரையில் பார்க்கத்தானே அனுப்புகிறீர்கள், நிறத்தைத் திரைக்கான ஆர்ஜிபியில் வையுங்கள்.

டபுள்டெமி பதில்:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். பட்டையை எடுத்துவிட்டேன். பெட்டி வேலையை மேலே கொண்டுவந்து ஏழு வரி எழுதியிருக்கிறேன். டை லைன் நானேதான் போடுகிறேன், அதையும் சேர்த்தேன். தமிழ்ப் பெயரை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

மெய்யெழுத்து பதில்:

எடுக்காதீர்கள். அந்தத் தாளில் வேறு யாரிடமும் இல்லாதது அது ஒன்றுதான். "ழு" எழுத்தின் கீழ்ச்சுழியை அடுத்த எழுத்துக்கு அடியில் ஓட்டியிருக்கும் விதம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இங்கே விற்கிற பொருளின் பெட்டியில் தமிழ் எழுத்துக்கு எப்போதும் வேலை உண்டு. கவனிக்க வேண்டியது இரண்டுதான். அது கர்வாகவே இருக்கட்டும், ஆங்கிலப் பெயர் மட்டும் எழுத்தாக, இன்னும் பெரிதாக. அப்புறம், மேலே புள்ளியும் கீழே சுழியும் இருப்பதால் தமிழுக்கு மேலும் கீழும் அதிக இடம் வேண்டும். இப்போது ஆங்கில வரி சுழியில் முட்டுகிறது. 4 மில்லிமீட்டராவது கீழே இறக்குங்கள்.

டைலைன் பதில்:

புதுப் படம் பார்த்தேன். இப்போது பெட்டிதான் முதலில் கண்ணில் படுகிறது. போர்ட்ஃபோலியோ லிங்கைச் சுருக்கி வையுங்கள், பிரின்ட் பார்த்து டைப் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் விரித்த டை லைனும், அச்சாகி மடித்த பெட்டியின் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். கடைக்கு வராத வேலையைப் போடுவதற்கு முன் முதலாளியிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் ஆள் எடுக்கும் செய்தி வந்தால் இங்கேயே போடுகிறேன்.