நிகழ்வு விவரங்களைக் குறியிட்டும் உலாவி ஏன் நாட்காட்டியில் சேர்ப்பதில்லை?

ஏடகம் கேட்டது:

எங்கள் ஊர் நூலகத்தில் நடக்கும் சொற்பொழிவுகள், நூல் அறிமுகக் கூட்டங்கள் ஆகியவற்றின் பட்டியலை வலைத்தளத்தில் வெளியிடும் பொறுப்பு என்னிடம் உள்ளது. ஒவ்வொரு நிகழ்வின் பெயர், நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்றொகுதியின்படி, மைக்ரோடேட்டா பண்புகளால் (தரவின் பொருளைச் சொல்ல எச்டிஎம்எல் குறிச்சொற்களில் சேர்ப்பவை) குறியிட்டிருக்கிறேன். தேடுபொறிகளின் சோதனைக் கருவிகள் இவற்றைப் பிழையின்றிப் படிக்கின்றன. ஆனால் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி என எதில் திறந்தாலும், "நாட்காட்டியில் சேர்" என்பது போன்ற எந்த வசதியும் வாசகருக்குத் தோன்றுவதில்லை. இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவில் தரவு பக்கத்திலேயே இருக்கும்போது, உலாவி அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஏன்? நான் கூடுதலாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

குறிநிரல் எழுதியது:

உங்கள் குறியிடலில் குறை இல்லை. ஐட்டம்ஸ்கோப், ஐட்டம்ப்ராப் போன்ற மைக்ரோடேட்டா பண்புகளை இன்றைய உலாவிகள் ஆவண மரத்தில் (பக்கத்தின் உள் அமைப்பில்) அப்படியே வைத்திருக்கின்றன. அவற்றைப் பொருள் அறிந்து பயன்படுத்துவதில்லை.

முன்பு சில முயற்சிகள் நடந்தன. 2008இல் வெளிவந்த பயர்பாக்ஸ் 3, மைக்ரோடேட்டாவுக்கு முந்தைய மைக்ரோஃபார்மட் குறியீடுகளைப் படிக்கும் நிரல் இடைமுகம் ஒன்றைக் கொண்டிருந்தது. அது நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) எழுதுவோருக்குப் பயன்பட்டதே தவிர, வாசகர் அழுத்தக்கூடிய பொத்தானாக மாறவில்லை. பின்னர் 2011 இறுதியில் ஓபரா 11.60 பதிப்பும், 2012இல் பயர்பாக்ஸ் 16ஆம் பதிப்பும் மைக்ரோடேட்டாவைப் படிப்பதற்கு கெட்ஐட்டம்ஸ் என்ற செயற்கூறை வழங்கின. ஓபரா 2013இல் குரோமியம் அடித்தளத்துக்கு மாறியபோது அதை இழந்தது. பயர்பாக்ஸ் 2016இல் 49ஆம் பதிப்பில் நீக்கியது. எச்டிஎம்எல் செந்தரத்திலிருந்தும் அந்த இடைமுகம் எடுக்கப்பட்டுவிட்டது. பண்புகள் மட்டுமே அங்கே நீடிக்கின்றன.

இதற்கு முதன்மையான காரணம் தரவை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதே என்று கருதுகிறேன். ஸ்கீமா.ஆர்க் 2011 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய மூன்று தேடல் நிறுவனங்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. தேடல் முடிவுகளில் தங்கள் பக்கம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான தளங்கள் குறியிடத் தொடங்கின. ஆகவே அந்தத் தரவின் பயன் வாசகரின் திரைக்கு வருமுன் தேடுபொறியிலேயே முடிந்துவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தரும் நிலை, ஏனெனில் திறந்த செந்தரம் என்பது ஒரு சில நிறுவனங்களின் வாசலில் நின்றுவிடக் கூடாது. படிவங்களில் பெயர், முகவரி முதலியவற்றைக் குறிக்கும் ஆட்டோகம்ப்ளீட் பண்பை உலாவிகள் ஆர்வத்தோடு ஆதரிப்பதைப் பாருங்கள். அங்கே பயன் உலாவியின் உள்ளேயே, பயனரின் கண்முன் கிடைக்கிறது.

வலைத்தச்சர் எழுதியது:

குறிநிரல் அவர்கள் சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் நம்பகத்தன்மையும் அதே அளவு முக்கியமான காரணம் என்பேன். 2014இல் வலைச் செந்தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான ஜேசன்-எல்டி வடிவத்தையே (தரவைத் தனித் தொகுதியாக எழுதும் முறை) கூகுள் இப்போது விரும்பிப் பரிந்துரைக்கிறது. அந்தத் தரவு ஸ்கிரிப்ட் உறுப்பு ஒன்றினுள் இருப்பதால், உலாவி அதை இயக்குவதும் இல்லை, காட்டுவதும் இல்லை. கூட்டம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனால் பக்கத்தில் தெரியும் வரியைத் திருத்துவோர், மறைவாக உள்ள நாளைத் திருத்த மறந்துவிடலாம். அதை நம்பி உலாவி ஒரு பொத்தானைக் காட்டினால், தவறான நாளில் அரங்கத்துக்கு வந்து நிற்பவர் வாசகர்தான். மைக்ரோடேட்டாவிலும் அதைப் போன்ற ஆர்டிஎஃப்ஏ முறையிலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே பெரும்பாலும் தரவாகக் குறிக்கிறோம். எனவே, ஜேசன்-எல்டிக்கு மாறும்படி யாரேனும் சொன்னாலும், கையால் பராமரிக்கும் ஒரு நூலகத் தளத்துக்கு இப்போதுள்ள முறையே மேல்.

உலாவி செய்யாததை நீட்சிகள் செய்ய முடியும் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2006இல் பயர்பாக்ஸ் நீட்சியாக வெளிவந்த சொட்டீரோ, பக்கத்தில் பொதிந்துள்ள நூல் விவரங்களைப் படித்து, ஒரே சொடுக்கில் ஆய்வாளரின் தொகுப்பில் சேர்க்கிறது. உங்கள் தளத்தில் நூற்பட்டியலும் இருந்தால், டப்ளின் கோர் (நூல் விவரங்களைக் குறிக்கும் பொதுச் சொற்றொகுதி) மெட்டா குறிச்சொற்களை அவசியம் இடுங்கள்.

ஏடகம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மைக்ரோடேட்டாவை அப்படியே வைத்துக்கொள்கிறேன். வாசகருக்கு இப்போதே நாட்காட்டி வசதி தர வேண்டுமானால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஐகேலண்டர் கோப்பு (நாட்காட்டிச் செயலிகள் படிக்கும் நிகழ்வுக் கோப்பு) ஒன்றை இணைப்பது போதுமா?

குறிநிரல் எழுதியது:

போதும்; அக்கோப்பைக் கையால் எழுதாமல், பக்கத்திலுள்ள ஐட்டம்ப்ராப் மதிப்புகளிலிருந்தே ஒரு சிறு நிரல் உருவாக்கும்படி செய்யுங்கள்; நாளும் நேரமும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும். இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஸ்கீமா.ஆர்க் குறியிடலில் நேரத்தை, உலகப் பொது நேரத்திலிருந்து +05:30 என்ற வேறுபாட்டுடன் எழுதலாம். ஐகேலண்டரில் அந்த வடிவம் செல்லாது. மாலை 6 மணி நிகழ்வை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, 12:30 என்பதற்குரிய இலக்கங்களுடன் இறுதியில் இசட் எழுத்தைச் சேர்க்க வேண்டும். அடுத்து, ஐகேலண்டர் செந்தரமான ஆர்எஃப்சி 5545, ஒரு வரி 75 பைட்டுகளைத் தாண்டலாகாது என்கிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் எடுக்கும். "கு" போன்ற உயிர்மெய் இரு குறியீடுகள் என்பதால் அதற்கு 6 ஆகும். ஆகவே தமிழ்த் தலைப்புகள் விரைவில் வரம்பை எட்டிவிடும். பைட்டுகளை எண்ணி வரியை முறிக்கும் நிரல், ஓர் எழுத்தின் நடுவே வெட்டினால் சில நாட்காட்டிகளில் தலைப்பு சிதைந்து தெரியும். எழுத்து முடியும் இடத்தில் முறித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்குங்கள்.